பழுதுப் பதிவேடு

பொதட்டூர்ப்பேட்டை வந்ததும்
விசைத்தறிச் சத்தம் பேருந்துக்குள் ஏறிக்கொள்ளும்.
டக்கடக் டக்கடக்.
எங்கள் ஊசல் அதற்கு மயங்காது.
அதற்குத் தன் கயிற்றின் நீளம் போதும்.

நான் விளக்கம் சொல்பவன் இல்லை.
பகலில் உடைந்ததை இரவில் ஒட்டுகிறவன்.
அறிவியல் பேருந்தின் கடைசி இருக்கைக்குக் கீழே
என் பெட்டி:
சால்டரிங் இரும்பு, ஈயக்கம்பி, எம்-சீல்,
சைக்கிள் டியூப் துண்டு.

எது அடிக்கடி உடைகிறதோ
அதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது.
இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.
குழியாடி மூன்று வருடமாகப் பளபளக்கிறது, பாவம்.
டைனமோ கைப்பிடியை எட்டு முறை மாற்றிவிட்டேன்.
ஒருமுறை ஒரு பையன் கழற்றியே கொண்டுபோனான்.
மறுநாள் அவன் அம்மா திருப்பித் தந்தாள்.
தார் சுற்றும் ராட்டைக்கு
அது பொருந்தவில்லையாம்.

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி.
இன்னும் கொஞ்சம் போனால்
கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுவிடும்.
இங்கேயே பிள்ளைகளுக்கு
வாய்ப்பாடு தமிழில், சண்டை தெலுங்கில்.

‘தொட்டுப் பார்க்கவும்’ என்ற பலகைக்கு முன்னால் நின்று
“யாரும் எதையும் தொடக்கூடாது” என்றார்
தேசப்பன் சார்.
அவர்மேல் தப்பில்லை.
பள்ளியின் ஒரே நுண்ணோக்கி அலமாரிக்குள்.
அலமாரிச் சாவி அவர் அரைஞாணில்.
தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கடைசி மேஜையில் இரண்டு தகடு, ஒரு பஸ்ஸர்.
எல்லோரும் கைகோத்து,
முதல் ஆளும் கடைசி ஆளும் தகட்டைத் தொட்டால்
ஆள் ஆளாகக் கடந்துபோய்
மின்சாரம் கத்தும்.
யாருக்கும் உறைக்காது.

எட்டாம் வகுப்பு, இருபத்தேழு பேர்.
இருபத்தைந்து இடத்தில் கை சேர்ந்தது.
லோகிதாவுக்கும் முனிகிரிக்கும் நடுவில்
சேரவில்லை.
பையன், பெண் என்பதாக இருக்கலாம்.
தெரு என்பதாகவும் இருக்கலாம்.
என் பெட்டியில் அதற்குக் கருவி இல்லை.

முனிகிரி கைக்குட்டையை நீட்டினான்.
ஒரு முனை அவனிடம், மறு முனை அவளிடம்.
பஸ்ஸர் ஊமை.
“துணி மின்சாரத்தைக் கடத்தாது, ஏனென்றால்...”
கோமகள் ஆரம்பித்தாள். அவள் வேலை அது.

லோகிதா ஏனென்றாலுக்குக் காத்திருக்கவில்லை.
“நீள்ளு” என்றாள்.
குட்டையைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.
சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்,
என் ஒயர்கள் மேல், சர்க்யூட் மேல்,
ஐயோ என்று நான் எழுவதற்குள்
பஸ்ஸர் கத்தியது.

அப்புறம் யார் கேட்டார்கள்.
நனைத்த நூல்கண்டு ஒன்று வகுப்பறை வரை போனது.
வாழைப்பட்டை கத்தியது.
பரீட்சை அட்டை கத்தவில்லை;
அதையும் நனைத்தார்கள்.
“சார், சாவி!” என்றது ஒரு குரல்.
அவிழ்த்துக் கொடுக்க மனம் வராமல்
தேசப்பன் சார் சாவியோடு குனிந்து
வரிசைக்குள் நின்றார்,
முளையில் கட்டிய கன்று மாதிரி.
அவரும் கத்தினார், அதாவது பஸ்ஸர்.

அந்த இரண்டு பேரும் கடைசிவரை
கை பிடிக்கவில்லை.
நடுவில் குட்டை சுருங்கிச் சுருங்கி
நாலு விரல் அகலத்துக்கு வந்ததைப் பார்த்தேன்.
அவ்வளவுதான் பார்த்தேன்.
அலமாரி திறந்ததா, தெரியாது.
ஏசுபாதம் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

இரவு பதிவேட்டில் எழுதினேன்:
பஸ்ஸருக்குள் தண்ணீர். இரண்டு இணைப்பு போச்சு.
காரணம் என்ற கட்டத்தில்
‘கவனக்குறைவு’ என்று எழுதி, அடித்து,
‘பயன்பாடு’ என்று எழுதினேன்.
மேஜைக்கடியில் கிடந்த கைக்குட்டையை
எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.
ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டேன்.
நகரி ரோட்டுக் காற்றில்
விடிவதற்குள் காய்ந்து,
மறுபடி எதையும் கடத்தாத
வெறும் துணியானது.