வி. தனக்கொடி, 3-6-09

பையைக் காலி செய்தபோது அடியில் உருண்டது
ஒரு எவர்சில்வர் டம்ளர்.
விளிம்புக்குக் கீழே புள்ளிப் புள்ளியாய்ப் பெயர்:
வி. தனக்கொடி, 3-6-09.
எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை.

திருத்துறைப்பூண்டி அரசு ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு.
எனக்குப் பதினொன்று, ஜெனோவாவுக்குப் பன்னிரண்டு.
வேலை செய்யும் பிளக் ஒன்றே ஒன்று,
இரண்டு கட்டிலுக்கும் நடுவில்.
"சின்ன பின்னா, டைப்-சியா?"
அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.
எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்று
அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மூன்றாம் நாளும் எனக்குப் பால் இறங்கவில்லை.
மேட்டூர் திறந்து பதினேழு நாளாச்சு,
முள்ளியாத்துல இன்னும் மணல்தான் கெடக்கு என்று
என் வீட்டுக்காரர் போனில் புலம்பிக்கொண்டிருந்தார்.
"கடைமடைக்காரிதானே, ஒனக்கும் லேட்டாத்தான் வரும்"
என்றாள் ஜெனோவா.
சிரித்தால் தையல் இழுக்கும். சிரித்தேன்.
பிறகு அழுதேன்.
அதற்கும் அதே தையல்தான் இழுத்தது.

அவளுக்கோ நைட்டி நனைந்துகொண்டே இருந்தது.
குடிக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை.
ஏழு மாதத்தில் அவசரப்பட்டு வந்தவன், ஒன்றேகால் கிலோ,
தஞ்சாவூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான்.
பிரஷர் இறங்கட்டும் என்று
இவளை இங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

ராத்திரி இரண்டு மணி.
என் மகள் அழுது அழுது குரல் கம்மிப்போனபோது
ஜெனோவா எதுவும் சொல்லவில்லை.
கையை நீட்டினாள். கொடுத்தேன்.
முதல் இழுப்பில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
யாரை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.
சுவரில் கை கழுவும் முறை, ஆறு படங்கள்.
மூன்று தடவை முழுசாகப் படித்தேன்.

ஆறு பத்து பஸ்ஸில் அவள் தம்பி
பிளாஸ்க்கில் பால் கொண்டுபோக வேண்டும்.
கையால் பிழிந்தால் டம்ளரில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும்.
அவள் போனை வாங்கி
பெட்டிக்குள் இருப்பவன் போட்டோவை எடுத்து
முகத்துக்கு நேரே பிடித்தேன்.
மூக்கில் குழாய், தலையில் பெரிய தொப்பி,
யாரையோ உதைக்கத் தூக்கிய ஒரு பாதம்.
திரை அணைய அணையத் தொட்டுத் தொட்டு எழுப்பினேன்.
என் கை கடுத்தது.
டம்ளர் பாதி நிறைந்தது.

எங்களுக்குக் கால்கள் சபுரா.
முத்துப்பேட்டைக்காரி, தேதி தாண்டியும் வலி வராதவள்.
நட நட என்று டாக்டர் சொல்லியிருந்தார்.
வயிறு முன்னே போக, பின்னால் அவள் போய்
எங்களுக்கு வெந்நீர் கொண்டுவந்தாள்.
என்னைப் பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போய்
கதவுக்கு வெளியே நின்று
மாமியாரைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தாள்,
நான் கூச்சப்படாமல் இருக்க.
நான்காம் நாள் அவளுக்கு வலி வந்தது.
லேபர் ரூம் வாசல்வரை கட்டிலோடு நடந்தேன்.
என் மணிக்கட்டில் அவள் நகம் பதித்த பிறைகள் நான்கு
ஒரு வாரம் இருந்தன.
அன்று சாயங்காலம்தான் எனக்குப் பால் வந்தது.
ஊருக்குத் தண்ணீர் வர இன்னும் எட்டு நாள் ஆயிற்று.

'பெட் 12' என்றுதான் நம்பரைப் பதிந்திருந்தேன்.
நாற்பது நாள் அழைக்கவில்லை.
அழைத்தால் ஒன்று கேட்க வேண்டியிருக்கும்.

நேற்று அவளே கூப்பிட்டாள்.
"ஏண்டி, டம்ளரைத் தூக்கிட்டுப் போயிட்டியா?"
அவள் குரலுக்குப் பின்னால்
மெலிந்த, பிடிவாதமான ஓர் அழுகை.
நான் டம்ளரைப் பற்றி மட்டுமே பேசினேன்.
"தனக்கொடின்னு போட்ருக்கே, ஒங்கம்மாவா?"
"யாருக்குத் தெரியும்?
நான் போறப்பவே கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு."

அழுகை நின்று சப்பும் சத்தம் கேட்டது.
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.

புதன்கிழமை ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.
டம்ளரைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.