ஆறு

மொபேனி, கிடங்கு எண் பதினேழு.
டர்பனின் உப்புக்காற்று உள்ளே வராதபடி
கதவிடுக்கில் கோணி செருகியிருக்கிறோம்.
பத்து மீட்டருக்கு அப்பால் இரண்டு தகடுகள்.
மேலே விரல் நுழையும் இடைவெளி
கீழே வர வர ஒடுங்கி
ஒன்றையொன்று தொட்டுவிடும்.

எந்த இடம் வரைக்கும்
லேசர் அதை இரண்டென்று சொல்லும்?

ஒரு மில்லிமீட்டர் என்கிறது விற்பனைத் தாள்.
அது புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம்.
தடித்த பேனாவால் எத்தனை நெருக்கி எழுதினாலும்
எழுத்து பொடியாகாது.

நொம்புசோ ஸ்கேனரை முடுக்குகிறாள்.
பதினைந்தில் இரண்டு.
பத்தில் இரண்டு, விளிம்புகள் எலி கடித்தாற்போல்.
ஏழில், இருக்கலாம்.
ஆறில்
ஒன்று.

அப்புறம் அந்தப் பிசாசுப் புள்ளிகள்.
ஒளியில் பாதி தகட்டின் ஓரத்தில் பட்டு
மீதி பின்சுவர் வரை போய்த் திரும்ப,
இரண்டு தூரத்தையும் கூட்டி வகுத்து
ஒன்றுமே இல்லாத வெளியில்
ஒரு புள்ளியை நட்டுவிடுகிறது கருவி.
பொய் என்று சொல்ல முடியாது.
சராசரி.

மூன்று மணிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து போன்.
சுரங்கக் கூரையில் விரிசல் பார்க்க
முப்பத்திரண்டு கருவி கேட்டிருக்கிறார்களாம்.
"ஐந்து மீட்டரில் வைத்து அளந்தால் என்ன, கோகி?"
அளக்கலாம்.
கூரை அவ்வளவு பக்கத்தில் இறங்கி வரும் நாளில்
கருவியே தேவைப்படாது.
இந்தப் பதில் போனை வைத்த பிறகுதான் வந்தது.
அவரிடம் சொன்னது, "சரி, பார்க்கிறேன்."
நொம்புசோ ஒன்றும் பேசாமல் டேப்பை எடுத்து
முக்காலியிலிருந்து தகடு வரை மறுபடி அளந்தாள்.
பத்து மீட்டர், இரண்டு மில்லி.

மாலை அவளை உம்லாசி வி பிரிவில் இறக்கிவிட்டு
சாட்ஸ்வொர்த் மேட்டில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.
அவள் தெருவிளக்கு எது, எங்கள் தெருவிளக்கு எது?
என் கண்ணுக்கு ஒரே மினுக்கம்.
ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.
ஆனால் நடுவில் ஆறு இருக்கிறது.
இவர்கள் இந்தக் கரை, அவர்கள் அந்தக் கரை என்று
வரைபடத்தில் கோடு கிழித்தவர்களுக்கு
அது துல்லியமாகத் தெரிந்திருந்தது.
எனக்குத் தெரியவில்லை என்பதால்
அது வற்றிவிடாது.

அறிக்கை ஆங்கிலத்தில் போகும், எண்ணாக.
அதற்கு முன்
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்ற கோணல் எழுத்தில்
என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்:
பத்து மீட்டரில்,
ஆறு.