நாற்பத்தேழாம் எண்

என் மூக்கு வேலைநிறுத்தம் செய்து மூன்று ஆண்டு.
ஒரு காய்ச்சல் வாங்கிக்கொண்டு போனது,
திருப்பித் தரவில்லை.
அதனால்தானோ என்னவோ
இஸ்மிர் நுகர்வோர் குழுவில்
வாசனைத் திரவிய வழக்கு வந்தால்
குறிப்பெழுத என்னையே உட்காரவைக்கிறார்கள்.

கெமரால்தி சந்தையில் ஒரு பொந்துக் கடை.
கண்ணாடி ஜாடிகள், குழாய்கள், எண்கள்.
பெயர் சொன்னால் வம்பு என்று
எண் வைத்திருக்கிறார் ருஷென்.
சுவரொட்டிக்கு மட்டும் நாக்கு நீளம்:
"நாற்பத்தேழு. நீங்கள் நினைக்கும்
அதே பிரெஞ்சுக் குப்பி. அசலேதான்.
நாற்பத்தெட்டு மணி நேரம் நிற்கும்."

மூஜ்கான் கர்ஷியாகா படகுத்துறையில்
சீட்டுக் கொடுப்பவர்.
"ஏழு மணிப் படகுக்கு முன்னால் பூசினேன்.
மூன்றாவது படகு கரை தொடும்போது
டீசல்தான் மணந்தது."

ருஷென் காகிதக் கீற்றுகளை நனைத்து நீட்டினார்.
"நீங்களே முகருங்கள். வித்தியாசம் சொல்லுங்கள், பார்ப்போம்."
தலைவர் தாஜெத்தின் கண்ணை மூடிக்கொண்டார்.
வணிகர் சங்கத்து ஆள் இரண்டு முறை முகர்ந்து
ஒரு முறை தும்மினார்.
யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.
என்னிடமும் ஒரு கீற்று வந்தது.
மரியாதைக்கு மூக்கருகே பிடித்தேன்.
காகிதம்.

ருஷென் முகத்தில் ஜெயித்த களை.

மூஜ்கான் உட்கார்ந்தபடியே சொன்னார்:
"வாசம் பிடித்துத்தானே வாங்கினேன்?
அதன்மேல் எனக்கென்ன கோபம்.
என் புகார் அந்த வாக்கியத்தின்மேல்."

பேனா நின்றது.
சட்டத்துக்கும் மூக்கில்லை என்று
அன்றுதான் உறைத்தது எனக்கு.
என்னைப் போலவே அதுவும்
எழுதியிருப்பதைத்தான் படிக்கும்.
பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும், சரி.
பூவின் பெயரோடு மட்டும் சேர்ந்த நார்
என்ன விலை?
முந்நூற்று இருபது லிரா.
ரசீது இருக்கிறது.

பணத்தைத் திருப்பித் தரவேண்டும்.
சுவரொட்டியின் படம்
அங்காராவின் விளம்பர வாரியத்துக்குப் போகும்.
எழுதி முடித்ததும் வழக்கம்போல
தாஜெத்தின் எலுமிச்சைக் கொலோன்யா எடுத்து
எல்லார் உள்ளங்கையிலும் ஊற்றினார்.
ருஷெனும் கையை நீட்டினார்.
ஈரம் காயுமுன் போய்விடும் சரக்கு அது.
நிற்பேன் என்று அது எங்கும் சொன்னதில்லை.

சான்றுக் குப்பி கோப்போடு
என் மேஜை இழுப்பறைக்குள் போனது.
மூடி சரியில்லை போலிருக்கிறது.
ஐந்து மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பையன்
கோப்பெடுக்கக் குனிந்தவன்
நிமிர்ந்து கேட்டான்:
"பெரிய இடத்து அம்மா யாராவது
இப்போது வந்துபோனாரா?"

வழக்கு முடிந்தது.
மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்தது.
இழுப்பறையில் தலையை நுழைத்து
நானும் ஒரு முறை மூச்சை இழுத்தேன்.
பிறகு அவனையே நம்பி
கோப்பின் ஓரத்தில் பென்சிலால்
தேதி மட்டும் குறித்துவைத்தேன்.