மயிரிழைக் கீறல்

கல்லடிப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி
மருமகனின் எக்ஸ்ரே படத்தை
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன்.
மணிக்கட்டில் கீறலாம்.
டொக்டர் சொன்னார். நிஸ்பரும் சொன்னான்,
இதே ஆஸ்பத்திரியின் இருட்டறையில்
ஒன்பது வருடம் என்னோடு படம் எடுத்தவன்.
எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் படம் எடுப்பது
இரண்டு ஆள் நீளக் குழாய்களை.
உள்ளே சாம்பல் நிறத்தில் இறுகிய எரிபொருள்:
உப்பும் அலுமினியத் தூளும் ரப்பர்ப் பசையும்
தொதல் பதத்துக்குக் கிண்டி ஊற்றி
நாட்கணக்காய்ச் சூட்டில் உறையவிட்டது.
கிண்டும் அறையில் மனிதர் இருக்கமாட்டார்.
நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு வெற்றிடம்;
எழும்பும் வேகம் அதன் கையில்.

பற்றினால் அணைக்க முடியாது.
எங்கேனும் ஒரு கீறல் இருந்தால்
நெருப்பு அதற்குள்ளும் நுழையும்,
எரியும் பரப்புக் கூடும், அமுக்கம் ஏறும்,
ஏவிய இடத்திலேயே ஓடு பிளக்கும்.
எலும்பென்றால் ஆறு கிழமையில் தானாய் ஒட்டும்.
இது ஒட்டாது.

"வெடிக்கிற சாமானா?" யோகரஞ்சி கேட்டாள்,
சட்டியில் மணலை மீனைத் திருப்பிக்கொண்டே.
"வாற ஏவுகணைய வானத்திலயே மறிக்கிறது."
"அப்ப நல்லதுதானே."
பிறகு, "ஆருக்கு?" என்றாள்.
வாங்கினவர்களுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
தொண்ணூறில் எங்களிடம் இருந்த தடுப்பு
நாலு தென்னங்குற்றி, மண் நிரப்பிய உரப்பைகள்.
அவள் அதைச் சொல்லவில்லை.
மீன் வாலில் தீய்ந்தது.

போன மார்ச்சில் ஒரு குழாய்.
அடிப்பக்கத்தில், ஓட்டோடு எரிபொருள் ஒட்டும் இடத்தில்,
நிழலா, இடைவெளியா?
மூன்று கோணத்தில் தெரிந்தது,
நாலாவதில் காணவில்லை.
ஏற்றிப்போகும் வண்டி கீழே இரைந்துகொண்டு நின்றது.
கையெழுத்து வைத்தேன்.
இப்போது அது எந்த மணலில்
எந்த ஊருக்குக் காவலாய்
நிமிர்ந்து நிற்கிறதோ.
அது ஒருநாளும் தேவைப்படக்கூடாது.
அந்த ஊருக்காகப் பாதி,
எனக்காகப் பாதி.

இரவு கரண்ட் போனது.
கிதுர்சன் மாவுக்கட்டுக் கையை
நெஞ்சில் வைத்து நித்திரை.
போன் வெளிச்சத்தில் படத்தை மறுபடி பிடித்து
நிஸ்பருக்கு எடுத்தேன்.
"எந்தப் பக்கம்டா?"
"பெருவிரல் பக்கம். கொஞ்சம் சரிச்சுப் பார்."
சரித்தேன்.

இருந்தது.