கோடைப் பக்கம்

தூதரகத்துக் கழிவு ஏலத்தில்
என்னைவிட்டால் கேட்க ஆளில்லை.
தொண்ணூற்று மூன்று, பிப்ரவரி.
அதைச் செய்த நாடு
அதற்கு முன்பே கலைந்திருந்தது.

முனீர்க்கா குடியிருப்புக்குள்
கறுப்பு வோல்கா நுழைந்த அன்று
யாரோ மந்திரி வந்திருக்கிறாரென்று
புடவை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தாள்
முதல் மாடி பங்கஜவல்லி.
நான் இறங்கியதும் முகம் விழுந்தது.

மெதுவாகச் சாத்தினால் சாத்திக்கொள்ளாத கதவு.
வீட்டுக்கு வந்தவர்களைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம்
கோபித்துக்கொண்டவள்போல்
அறைந்து மூட வேண்டியிருந்தது.
இரண்டு சிநேகிதிகள் அதோடு வரவில்லை.

டிக்கியில் ஒரு தகரப் பெட்டி:
பதினேழு ஸ்பேனர், காற்றடிக்கும் பம்ப்,
கையால் சுற்றிக் கிளப்ப ஓர் இரும்புக் கம்பி.
வழியில் நின்றுபோகும் என்று
செய்தவர்களே ஒப்புக்கொண்ட நேர்மை.

மோதிபாக் சிக்னலில் பின்னால் வந்து முட்டிய மாருதி
அப்பளமாய் மடங்கியது.
என் பம்பரில் ஒரு வெள்ளைக் கீறல்.
அந்த ஆள் மன்னிப்புக் கேட்டது
என்னிடமல்ல, காரிடம்.

ஜனவரிப் பனியில் காலனியே இருமிக்கொண்டிருக்க
இது மட்டும் அரைச் சுற்றில் உறுமும்.
தில்லிக் குளிர் அதற்கு வெயில்காலம் போல.

மே மாதம்தான் வினை.
ஹீட்டர் நிற்காது.
வெளியே லூ காற்று,
உள்ளே சைபீரியாவுக்கென்று மூட்டிய அடுப்பு.
கிருஷி பவன் வாசலில்
தலை துவட்டிக்கொண்டே இறங்குவேன்.
கஷ்மீரி கேட் ரயீசுதீன் மூன்று முறை பிரித்துப் பார்த்துவிட்டு
"கொதிகலனுக்குச் சக்கரம் மாட்டியிருக்கிறார்கள், பெஹன்ஜி" என்று
கூலியைக்கூட வாங்க மறுத்தான்.

மூன்றாவது மே.
மாடி அறைக்குக் குடிவந்த தோய்பி
ஜே.என்.யூ.வில் ரஷ்ய மொழி படிக்கிறவள்.
பானெட்டைத் தூக்கியதும் எட்டிப் பார்த்தாள்.
எண்ணெய்ப் பிசுக்குக்கடியில் ஒரு பிடி,
இருபுறமும் எழுத்து.
துப்பட்டா முனையால் துடைத்தாள்,
படித்தாள்,
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
"இந்தப் பக்கம் குளிர்காலம்.
இந்தப் பக்கம் கோடை."

எத்தனை தில்லி வெயில் பார்த்த வண்டி!
ஒருத்தன் தொட்டதில்லை, நானும் சேர்த்து.

அவள் இழுத்தாள், நான் இழுத்தேன்,
ரயீசுதீனின் சுத்தியலும் ஒரு வார்த்தை சொன்னது.
கோடைப் பக்கம் போயிற்று,
பிடி கையோடு வந்துவிட்டது.

அதனால் இப்போது ஜனவரியில்
சால்வைக்கு மேல் சால்வை போட்டு
பல் கிட்டிக்க ஓட்டுகிறேன்.

பிடி ஆபீஸ் மேசைமேல் இருக்கிறது.
ஃபேனை ஐந்தில் வைத்தாலும்
ஒரு ஃபைல் அசைவதில்லை.