பதினெட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது

ஐந்தாம் மாடியிலிருந்து கயிறு இறங்குகிறது.
அதன் கிளிப்பில் வழக்கமாகத் தொங்குவது
கறிவேப்பிலைக்குக் காசு,
இல்லையென்றால் காது அடைத்துப்போன கைபேசி.
இன்று துணிப்பைக்குள் ஒரு மடிக்கணினி.
பாங்காக்கிலிருந்து தைரியநாதனின் மைத்துனன் அனுப்பியது.
"பிரிச்சிடாதே மரகதம், பார்த்து மட்டும் சொல்லு"
என்று மேலிருந்து குரல்.
முதல் கருத்தை அப்போதே குறித்துக்கொண்டேன்:
ஒன்றேகால் கிலோ. கயிறு தாங்கியது.

ரங்கூனில் இந்த ஒரு தெருவுக்கு
எதை வாங்கலாம், எதற்கு வாய் மட்டும் நீளம் என்று
நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.
மடங்கும் கைபேசி மழை பெய்யாத ஊருக்கு என்றேன்.
இங்கே ஆனியில் செருப்புக்கே பூஞ்சை பிடிக்கிறது,
அதன் கீலை மட்டும் விட்டுவைக்குமா?
நீர் புகாது என்று எழுதியவன்
ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரைமணி வைத்துப் பார்த்தானாம்.
தண்ணீர்த் திருவிழாவில்
நாலு நாளும் குழாய் பிடித்து அடிக்கும் பையன்களை
அவன் பார்த்ததில்லை.
முகம் பார்த்துத் திறக்கும் மலிவு மாடல் ஒன்று
தனக்கா பூசிய மீன்கடை மா ஏயை
யாரென்று தெரியாது என்றது.
கழுவிக்கொண்டு வந்தாள், திறந்தது.
கழுவின முகம்தான் தனக்குத் தெரியவில்லை என்றாள் அவள்.
ஒலிவாங்கித் துளையிலும் அதே தனக்கா.
பல்துலக்கி, ஸ்பிரிட், மூவாயிரம் சாட்.

இதற்குள் செயற்கை அறிவுக்கென்று தனிச் சில்லு இருக்கிறதாம்.
நொடிக்கு நாற்பது லட்சம் கோடி கணக்கு.
இணையம் வராத சாயங்காலத்தில் அது எதைக் கணக்குப் போடும்?
என் வாடகையைக் கொடுத்துப் பார்க்கலாம்,
தொடங்குவதற்குள் முடிந்துவிடும்.

பிரிக்காதே என்றான்.
ஐந்து இதழ்த் திருகு. அதற்கும் என்னிடம் கோல் இருக்கிறது.
நினைவகத்தைப் பலகையோடு ஈயம் வைத்துச் சேர்த்துவிட்டார்கள்.
கூட்டவும் வழியில்லை, மாற்றவும் வழியில்லை.
வாங்கிய அன்று எவ்வளவு நினைவோ
சாகும்வரை அவ்வளவுதான்.
என் தொழிலின் முகத்தில் கதவைச் சாத்தும் பலகை.
மூடினேன்.
திருகு ஒன்றும் மிச்சமாகவில்லை.

ஏழு மணிக்கு மின்சாரம் போனது,
அட்டவணையில் ஒன்பது என்றிருந்தது.
தெரு நெடுக ஜெனரேட்டர்கள் இருமத் தொடங்கின.
எனக்கு ஜெனரேட்டர் கிடையாது.
டீசல் விலை யாருடைய கருத்தையும் கேட்பதில்லை.
விடிகாலை முதல் பேருந்துக்குப் போகும் நடத்துநரின்
பொத்தான் கைபேசி மேசைமேல் கிடந்தது,
சார்ஜ் ஏறும் வாய் பெயர்ந்து.

அப்புறம் நான் செய்ததைத் தைரியநாதனிடம் சொல்லவில்லை.
வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை முழுக்க விரித்தேன்.
வெளிச்சத்தை உச்சிக்கு ஏற்றினேன்.
பக்கத்து வாயில் என் குட்டிச் சூட்டுக்கோலைச் செருகினேன்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் பொருந்துகிறது!
அந்த வாயைக் கண்டுபிடித்தவர் யாரானாலும்
தெருமுனைக் கடையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா
என் கணக்கில்.

ஈயம் உருகி, வெள்ளி மணியாகி, உட்கார்ந்தது.
நடத்துநருடையது உயிர் பிடித்தது.
அதன் பின்னால் வரிசையாக
ஒரு டார்ச், ஒரு ரேடியோ, ஒரு பிள்ளையின் பொம்மை ரயில்.
இவ்வளவு தெளிவாக ஒரு பலகையை
இராத்திரியில் நான் பார்த்தே வெகுநாளாயிற்று.
நாற்பது லட்சம் கோடியும் சும்மா உட்கார்ந்து
எனக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஒன்று நாற்பதுக்கு அணைந்தது.
பெட்டியில் பதினெட்டு மணி நேரம் என்று எழுதியிருந்தது.
என் கணக்கில் ஆறு மணி நாற்பது நிமிடம்.
பொய்தான்,
ஆனால் பாதிக்கும் குறைவான இந்த உண்மையே
இந்தத் தெருவில் பெரிய தொகை.

இரண்டுக்கு மின்சாரம் வந்தது. நிரப்பினேன். துடைத்தேன்.
காலையில் பையோடு ஒரு சீட்டையும் கிளிப்பில் மாட்டினேன்:
"சில்லு பற்றித் தெரியாது.
சொன்ன நேரத்தை நம்பாதே.
விற்பதானால் முதலில் என்னிடம் சொல்."

கயிறு ஏறியது.
மூன்றாம் மாடிக் கொடித்துணியில் சிக்கி
ஒருகணம் ஆடி நின்றது.
கீழே நான்,
இரண்டு கைகளையும் விரித்து.