நகல் ஒன்றுக்குப் பத்து சென்ட்

லார்னகா நகராட்சிக்கு எதிரே
இரண்டு கதவு அகலம் என் கடை.
நகல் ஒன்றுக்குப் பத்து சென்ட்.
கடவுச்சீட்டுப் படம் ஆறு யூரோ, சிரிக்கக் கூடாது.
சாட்சிக் கையெழுத்து இலவசம்.
ஆனாலும் ஏதாவது வைத்துவிட்டுத்தான் போகிறார்கள்:
பாதாம் மிட்டாய், வாடாத பாதிப் பூங்கொத்து,
ஒருமுறை ஒரு குடை.

பெய்ரூத்திலிருந்து வருகிறவர்களே அதிகம்.
விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடுமாம்.
அங்கே கல்யாணப் பதிவேடு குருமார்களின் கையில்,
சமயத்துக்கு ஒரு பூட்டு.
மாரோனைட் பெண்ணையும் துரூஸ் ஆணையும்
ஒரே பக்கத்தில் எழுத அங்கே பேனா கிடையாது.
கடல் தாண்டி எழுதிக்கொண்டு போனால்
அதே அரசாங்கம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளும்.
ஏன் என்று நான் கேட்பதில்லை.
ஏன் என்று கேட்டவர்கள்தான்
விமானம் பிடித்து என் கடைக்கு வருகிறார்கள்.

பிப்ரவரி. உப்பேரியில் பூநாரைகள்.
செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு
மிரெய், வஹீப்.
பிறப்புச் சான்று, கடவுச்சீட்டு,
மணமாகாதவர் என்று ஊர்ப் பதிவாளர் கொடுத்த தாள்,
தாளுக்கு முத்திரை,
முத்திரை மெய்தான் என்பதற்கு இன்னொரு முத்திரை.
இருக்கிற மனைவியைக் காட்டச் சொன்னால் காட்டலாம்.
இல்லாத மனைவியை
எந்த நாற்காலியில் உட்கார வைப்பது?
அதற்குத்தான் அந்தத் தாள்.
கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர்.
விதைச்சான்றுக்கு மட்டும் மூன்று மாதக் கெடு.

கண்ணாடியில் கவிழ்த்து மூடினேன்.
பச்சை வெளிச்சம் அவன் தனிமைக்கு அடியில்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று.

எதிரே, அதிகாரி ஆந்த்ரூலா
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
பிறப்புச் சான்றில் வஹீப்.
கடவுச்சீட்டில் வஹிப்.
ஒரு நெடில் எந்தச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டதோ.
நெடிலும் குறிலும் ஒரே ஆள்தான் என்று
அவன் கைதூக்கிச் சத்தியம் செய்ய வேண்டும்.
"கோபம் வந்தால் நான் குறிலாகத்தான் கூப்பிடுவேன்"
என்றாள் மிரெய்.
அது சட்டப்படி செல்லாது.

இன்னொரு சாட்சி வேண்டும்.
தண்ணீர்க் கட்டணம் கட்ட வந்த பனிகோஸைக் கூப்பிட்டேன்.
"எவ்வளவு நேரம்?"
"ஏழு நிமிடம்."
வரிசையில் தன் இடத்துக்கு
தலைக்கவசத்தை உட்கார வைத்துவிட்டு வந்தார்.

ஆந்த்ரூலா படித்தாள்,
எல்லாருக்கும் படிக்கிற அதே குரலில்:
இந்த மணத்துக்குத் தடை ஏதும் உண்டா?
மிரெய் சிரித்துவிட்டாள்.
சிரிப்பு நிற்கவில்லை.
"ஊரில் தடையைத் தவிர வேறொன்றும் இல்லை, அம்மா."
இங்கே உண்டா என்று
ஆந்த்ரூலா திரும்பக் கேட்டாள். பாவம், அவள் வேலை அது.
இங்கே இல்லை.
பனிகோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
கட்டணம் இரட்டிப்பாய் வந்த கவலை என்று
பிற்பாடு சொன்னார்.

அந்தத் தாளை நானும் வாங்கியிருக்கிறேன்.
ஏதென்ஸில் ஒருவர்.
கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது
தொலைபேசி எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.
மாவட்ட அலுவலகம் எழுதியதில் பிழையில்லை:
ஸ்டாலோ என்கிற எனக்குத்
தடை ஏதும் இல்லை.

மாலை ஐந்தரைக்குத்தான் மூடியைத் திறந்தேன்.
உள்ளே அவன் மூலத்தாள், கவிழ்ந்தபடி.
விமானம் இந்நேரம் பாதிக் கடலில்;
எழுத்தில் புருஷனாகிவிட்டவனுக்கு
இது இனி எதற்கு?
இழுப்பறையில் இப்படி முப்பத்தெட்டுப் பேர்
இன்னும் மணமாகாமல் கிடக்கிறார்கள்.
தூக்கிப்போட மனமில்லை.
பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது,
நல்ல தடித்த தாள்.
மின்கட்டணக் கணக்குப் போடலாம்.